கஸ்தூரி செய்யாத பிழை

அன்று காலை ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை பார்த்தால் எனக்கு நம்பிக்கை வராது. மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுப்பேன். இரண்டாவது தடவை பட்டை கையில் இறுகிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பட்டாபிராமிலிருந்து கஸ்தூரியின் மகள். "அங்கிள், அம்மா போய்ட்டாங்க. காலைல நெஞ்சு அடைக்குதுன்னாங்க. ஆட்டோ வர்றதுக்குள்ள..." மூன்றாவது அளவை எடுக்காமல் எழுந்துவிட்டேன். வேப்பம்பட்டில் பட்டாபிராமுக்கு ரயில் ஏறினேன். துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் சிறிய ஆய்வகத்தில் கஸ்தூரியை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். நம் வேலை தெரியாத அவருடைய உறவினர்களும் படிக்கக்கூடும் என்பதால் சிறு விளக்கம். அழுத்தத்தைக் காட்டும் கேஜ்களைத் தொழிற்சாலைகள் எங்களுக்கு அனுப்பும். எங்களிடம் உள்ள மாஸ்டர் கேஜோடு அவற்றை ஒப்பிட்டு, தேவையானால் முள்ளைச் சரிசெய்து, சான்றிதழ் தருவோம். ஒப்பிடுவது கஸ்தூரி. கணக்கிட்டுக் கையெழுத்துப் போடுவது நான். அவர் ஐ.டி.ஐ. முடித்து இருபது ஆண்டுகளாக அதே மேசையில் இருந்தவர். நான் இயற்பியல் படித்து, வேறோர் இடத்தில் ஓய்வு பெற்றபின் வந்து சேர்ந்தவன்.

சேர்ந்த முதல் வாரம் அவர் படித்துச் சொல்லும் ஒவ்வோர் அளவையும் நானும் குனிந்து பார்ப்பேன். அதுவும் பக்கவாட்டிலிருந்து. நான்காவது நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "சாரே, உங்கள பாத்து முள்ளு பயந்துகினு ஆடுது. பாக்கணும்னா நேரா வந்து பாருங்க. சைடுல பாத்தா சைடுலதான் தெரியும்." அழுத்தத்தை ஏற்றும்போது ஒரு வரிசை, இறக்கும்போது ஒரு வரிசை என்று இரண்டையும் எழுதவைப்பார். இரண்டும் கொஞ்சம் வேறுபடும். எதை எடுத்துக்கொள்வது என்று நான் கவலைப்பட்டால், "ஏறச்சொல்ல ஒண்ணு சொல்லும், எறங்கச்சொல்ல ஒண்ணு சொல்லும். ரெண்டையும் எழுதுங்க சாரே, நாம ஏன் பஞ்சாயத்து பண்ணணும்?" என்பார்.

அவருடைய இழுப்பறையில் ஒரு கேஜ் இருந்தது. கண்ணாடி விரிசல் விட்டு, வாடிக்கையாளர் வேண்டாம் என்று விட்டுப்போனது. அதை எதற்கும் பயன்படுத்தமாட்டார். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் வேலையாக மாஸ்டரோடு மாட்டிப் பார்த்து, ஒரு பள்ளி நோட்டில் எழுதிவைப்பார். யாரும் அவரை எழுதச் சொன்னதில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை அந்த நோட்டை என் மேசையில் வைத்தார். "சாரே, ரெண்டு கோடு தள்ளி நிக்குது."

"பழைய கேஜ்தானே, கெட்டுப்போயிருக்கும்."

"வயசான முள்ளு மெதுவாத்தான் கெடும். ஒரே வாரத்துல குதிக்காது. நடுவுல மாஸ்டர்ல யார் கை வெச்சா?"

கை வைத்தது நான். மாஸ்டர் கேஜும் முழுச் சரியாக இருப்பதில்லை. அதைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்து வாங்குவோம். அந்த முறை அது சோதனைக்குப் போய், முந்தைய செவ்வாய்க்கிழமைதான் திரும்பி வந்திருந்தது. சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோ அழுத்தத்தில் அது 0.2 குறைவாகக் காட்டுகிறது என்று எழுதியிருந்தார்கள். குறைவாகக் காட்டுவதால் அதன் பிழை கழித்தல் 0.2. ஆகவே நாம் செய்ய வேண்டிய திருத்தம் கூட்டல் 0.2. இதைப் பல வகுப்புகளில் விளக்கியவன் நான். மாஸ்டர் காட்டுவதோடு எவ்வளவு கூட்டுவது, கழிப்பது என்று நான் எழுதிவைக்கும் அட்டவணையில், திருத்தம் என்ற கட்டத்தில் பிழையின் குறியையே போட்டிருந்தேன். கூட்ட வேண்டியதைக் கழித்ததால் தவறு இரட்டிப்பாகி 0.4 ஆயிற்று.

அந்த ஆறு நாளில் பதினோரு கேஜ்கள் வெளியே போயிருந்தன. எல்லாவற்றிலும் என் கையெழுத்து. "அட்டவணையைத் திருத்திவிடலாம். வித்தியாசம் சிறியதுதான்" என்றேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

"பேப்பர்ல திருத்திடுவீங்க. அங்க மாட்டிகினு கீறத யாரு திருத்துவா?" என்று கேட்டுவிட்டு அவரே தொலைபேசியை எடுத்தார். மாலைக்குள் பத்து கேஜ்கள் திரும்ப வருவது உறுதியாயிற்று. பதினோராவது பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் சலவை ஆலையில், பாய்லரில் மாட்டியிருந்தது. யாரும் போனை எடுக்கவில்லை. பழைய பாய்லர். குழாய்கள் தேய்ந்ததால் பத்து கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதற்கு வரம்பு வைத்திருந்தார்கள். எங்கள் கேஜ் பத்து என்று காட்டும்போது உள்ளே அதைவிட 0.4 அதிகம் இருக்கும்.

ஷேர் ஆட்டோவில் போனோம். நான் வழி நெடுகக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். கஸ்தூரி என் கையிலிருந்து பேனாவை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். "எனக்கும் பயமாத்தான் கீது சாரே. நீங்க கணக்கு போட்டா அது கொறையுமா?"

பாய்லர்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாக்கா, நீங்களே சர்டிபிகேட் குடுக்குறீங்க, நீங்களே வந்து கயட்டினு போறேன்றீங்க. வெள்ளாட்டா? லோடு ஓடிகினு கீது. சாயங்காலமா வாங்க."

"இப்ப நிறுத்து அண்ணாத்தே."

"அட, சேஃப்டி வால்வு கீதுக்கா. பிரஷர் ஏறுனா அதுவே தூக்கி ஆவிய வெளிய வுட்டுரும்."

அந்தச் சொல் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? கஸ்தூரி மட்டும் விடவில்லை. "வால்வ எப்ப செட் பண்ணீங்க?"

"சனிக்கெழம. உங்க புது கேஜ வெச்சுதான்."

பாய்லரைக் காக்க இருந்தவை இரண்டு. கேஜ் என் தவறான எண்ணைக் கற்றிருந்தது. வால்வு அதை அந்தக் கேஜிடமிருந்து கற்றிருந்தது. இரண்டும் அழகாக ஒத்துப்போயின. ஒத்துப்போவதாலேயே சரி என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். கஸ்தூரி மெதுவாகச் சொன்னார்: "ஒரே வாத்தியார்கிட்ட தப்பா படிச்ச பசங்க அண்ணாத்தே. ரெண்டு பேரும் ஒரே பதிலத்தான் எழுதுவாங்க."

பாய்லர்காரர் உடனே அடுப்பை அணைத்தார். அழுத்தம் இறங்க நேரம் பிடித்தது. பொய் சொல்லும் முள் என்று தெரிந்தும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. முள் பூஜ்யத்தைத் தொட்டபோது கஸ்தூரி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இனி, நீங்கள் அறியாதது. மறுநாள் நிர்வாகி அறிக்கை எழுதினார். கையெழுத்திடுபவரே தவறு செய்தார் என்றால் ஆய்வகத்தின் அங்கீகாரம் போய்விடும் என்று அவருக்குக் கவலை. 'தொழில்நுட்பப் பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதி, கஸ்தூரியின் பெயரைப் போட்டார். நான் எழுந்து நின்றேன். வாய் வரவில்லை. கஸ்தூரி என்னைப் பார்த்தார். "எழுதிக்கட்டும் சாரே. முள்ளு திரும்பி வந்துச்சில்ல?" என்று மேசைக்குப் போய்விட்டார். அந்த ஆண்டு அவருக்குச் சம்பள உயர்வு இல்லை. அதைப் பற்றியும் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

போன வாரம் ஆய்வகத்தில் கூடி அஞ்சலி செலுத்தினோம். உங்களில் ஒருவர் நல்ல மனத்துடன்தான் சொன்னார்: "இத்தனை வருஷத்துல அவங்க பண்ணது அந்த ஒரு தப்புதான்." எல்லோரும் தலையாட்டினார்கள். என் தலையும் ஆடியது. அவர் போனபின் என் தவறு அவர் பெயரிலேயே நின்றுவிடும் என்று ரயிலில் நான் பயந்தது இதற்குத்தான்.

ஆய்வகத்தில் எழுதியதை அழிக்கும் வழக்கம் கிடையாது. தவறான சொல்லின்மேல் ஒரே ஒரு கோடு போடுவோம், அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் இடுவோம். நேற்று அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கினேன். கஸ்தூரியின் பெயர்மேல் கோடு போட்டேன். பக்கத்தில் என் பெயரை எழுதினேன். நிர்வாகி அதைப் படித்தார். "ஏன் சார், ஆடிட் வர நேரத்துல? யோசிச்சு சொல்றேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு பட்டாபிராமுக்குப் போனேன். மகள் இரண்டு முறை படித்தாள். "அம்மா இதப் பத்தி வீட்ல ஒரு வார்த்த சொன்னதில்லையே, அங்கிள்."

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சொல்லாத வார்த்தைதான். இனி அதைச் சொல்ல வேண்டியவன் நான். அவரை அறிந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் எழுதிக் கையெழுத்திடுகிறேன்: கூட்டல் குறி போட வேண்டிய இடத்தில் கழித்தல் குறி போட்டது கஸ்தூரி அல்ல. நான்.