பல்பர் ஓடாத சாயங்காலம்

நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் புளித்த காப்பித் தோலின் வாடை மூக்கில் ஏறியது; எங்கள் எஸ்டேட் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது ரிசார்ட் நிற்கிறது, வாடை மட்டும் போகவில்லை. சின்ன வயதில், அம்மாவைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாள், அந்த வீட்டில், டிவியோடு இணைத்த பழைய கம்ப்யூட்டரில், மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியில்லாமல் அடுக்கும் விளையாட்டை விரல் மரத்துப்போகும்வரை ஆடிக்கொண்டிருந்தேன். கட்டைகள் உச்சியைத் தொடாதவரை அம்மா சாகக்கூடாது என்று மாதாவிடம் வேண்டியிருந்தேன். நாலு மணிக்குக் காப்பிப்பழத் தோலை உரிக்கும் பல்பரைப் போட்டால் கரண்ட் இறங்கி, படம் சுருங்கி, ஆட்டமே அழிந்துபோகும். மணி நெருங்கியதும் ஆட்டத்தை நிறுத்தாமலே எழுந்து பல்பர் கொட்டகைக்கு ஓடி, மெஷின்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏனுங்கண்ணா, இன்னைக்கு மட்டும் மெஷினைப் போடாதீங்க. போட்டா அம்மா செத்துப்போயிருமுங்க.”

அவர் ஏனென்று கேட்கவில்லை. “அழுவாத சாமி, போடல” என்று சுவிட்சிலிருந்து கையை எடுத்தார்.

மூச்சிரைக்கத் திரும்பினேன். கரண்ட் துளியும் இறங்கவில்லை. நான் இல்லாத நேரத்தில் விழுந்த கட்டைகள் உச்சிவரை நிறைந்து, திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

இருட்டுவதற்குள் அம்மாவை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த மெஷின்காரர் என் முன்னால் மண்டியிட்டு அழுதார்.

“நான் போடவே இல்ல கண்ணு. சத்தியமாப் போடல.”