கெட்டிமேளத் தட்டு

இசைத்தட்டுகளைக் கெடுப்பதுதான் என் வேலை. அறுப்பேன், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன், காகிதம் ஒட்டி ஊசியைத் துள்ள வைப்பேன். அந்த இரைச்சலைப் பெங்களூரில் இருபது பேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அண்ணன் சிரிப்பார். அவர் செம்மேட்டில் மைக் செட் வைத்திருந்தவர்.

அவருடைய காரியம் முடிந்த மறுநாள், பழைய தட்டுகளை எடுத்துக்கொள்ளட்டுமா என்று அண்ணியிடம் கேட்டேன். வெட்கமில்லாமல்தான் கேட்டேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, கெட்டிமேளத் தட்டை மட்டும் தனக்கு வைக்கச் சொன்னார். ஒருமுறை போட்டுக் காட்டவும் சொன்னார்.

தட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. நல்லது செய்வதாக நினைத்து, வாசல் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஊசி ஓடும் கோடுகளின் மேல் மங்கிய சிவப்பில் வட்டமாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன்.

மத்தியானம் மெஷினில் வைத்தேன். மேளம் எழுந்தது, உச்சத்துக்குப் போனது, முடிந்தது. அண்ணி இன்னும் காத்திருந்தார்.

"அதுல ஒரு பொட்டு இருந்துச்சுங்களே, தம்பி."

தாலி ஏறும்வரை மேளம் நிற்கக் கூடாது. அதனால் அண்ணன் தட்டில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவாராம். ஊசி அதில் இடித்துப் பின்னால் துள்ளும், மேளம் திரும்பத் திரும்ப வரும். எங்கள் மலையில் வாழவந்தி நாட்டில் நடந்த அவர்களுடைய சொந்தக் கல்யாணத்துக்கும் அண்ணனுடைய செட்தான். மாப்பிள்ளை பொட்டுக் கேட்டு ஆள் அனுப்ப, அண்ணி தன் நெற்றியில் இருந்ததையே எடுத்துக் கொடுத்திருக்கிறார். தாலி கட்டியதும் அண்ணன் மாலையோடு எழுந்துபோய் ஊசியைத் தூக்கினாராம்.

நான் ஒட்டினால் கலை, அண்ணன் ஒட்டினால் அழுக்கு. அப்படித்தான் நினைத்திருக்கிறேன். முந்தாநாள்தான் அண்ணியின் நெற்றிப் பொட்டை அழித்திருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றையும் நான் சுரண்டிவிட்டேன். குழாயடிக்கு ஓடிப்போய்த் தேடினேன். தண்ணீர் மிளகுக்கொடி வரைக்கும் போயிருந்தது.

என் பையில் ஸ்டிக்கர்களுக்குக் குறைவில்லை. ஒன்றை அளவு பார்த்து ஒட்டினேன். ஊசி துள்ளியது, மேளம் நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்தது. அண்ணி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்திருங்க தம்பி. தூக்கறதுக்கு அவரு வரோணுமல்ல."

நான் ஊசியைத் தூக்கினேன்.