ஃபான் பக்கம்

கிளிநொச்சியில் எங்கட கந்தோரில் ஒரு மேசைப்பந்து மேசை இருந்தது. ஊழியர் மனம் சந்தோசமாக இருக்க வேணும் என்று ஒரு நிறுவனம் தந்தது. சந்தோசத்துக்கு வேறு வழிகளும் இருந்தன. அவை அவர்களின் பட்டியலில் இல்லை.

நான் அங்கே பியோன். படிப்பு எட்டாம் வகுப்பு. பைல் தூக்குவேன், தேத்தண்ணி கொடுப்பேன், மத்தியானத்தில் சேருக்கு எதிரே நின்று பந்து விளையாடுவேன். மூன்றாவது வேலை என்ர நியமனக் கடிதத்தில் இல்லை.

சேர்தான் கந்தோருக்குப் பெரியவர். ஒப்பம் எல்லாம் அவருடையது.

அந்த அறையில் ஒரு ஃபான்தான். அது மேசையின் ஒரு முனைக்கு மேலே சுற்றும். அது சேரின் பக்கம். ஒரு ஆட்டம் முடிந்தால் ஆட்கள் பக்கம் மாற வேணும். உலகம் முழுக்க அதுதான் சட்டம். எங்கட கந்தோரில் அந்தச் சட்டம் இல்லை. சேரை வேர்க்க விட ஏலுமோ?

என்ர பக்கத்தில் ஃபான் இல்லை. அங்கே வேறொன்று இருந்தது.

முந்தின அதிகாரி மாற்றலாகிப் போகும்போது கந்தோரில் சாப்பாடு வைத்தோம். வெளியில் அடுப்பு. நானும் எங்கட ஜீப் றைவரும் சோற்றுக் கிடாரத்தை அடுப்பால் இறக்கி அப்படியே தூக்கி வந்தோம். பந்து மேசையில்தான் சாப்பாடு பரப்புவது. கிடாரத்துக்குக் கீழே சாக்குப் போட வேணும். சாக்கு எங்கே என்று பார்த்தோம். கை சுட்டது. வைத்துவிட்டோம்.

அடுத்த நாள் பார்த்தால் பலகை பப்படம் மாதிரிப் பொங்கி இருந்தது. இரண்டு உள்ளங்கை அகலம். அதில் விழுகிற பந்து எழும்பாது. நெல்லுக் குவியலில் விழுந்த மாதிரிக் கிடக்கும்.

புதுசாக வந்த சேர் கேட்டார், "ஆர் வைச்சது?"

றைவர் என்னைக் காட்டினார். கிடாரத்தின் மற்றக் காதைப் பிடித்திருந்த ஆள் அவர்.

"அப்ப அந்தப் பக்கம் நீரே நில்லும்," என்றார் சேர்.

மூன்று வருசம் நின்றேன்.

சேரின் ஆட்டம் அடி ஆட்டம். பாலை மரம் தறிக்கிற மாதிரி மட்டையைத் தூக்குவார். உயிரைக் கொடுத்து அடிப்பார். பந்து நேரே பொங்கல் பலகைக்கு வரும், விழும், கிடக்கும். "பாத்தீரே!" என்பார். பார்ப்பேன். பிறகு குனிந்து எடுத்துக் கொடுப்பேன். ஃபான் காற்றில் பந்து சில நேரம் நெளியும். அது தன்ர சுழல் என்று சொல்லுவார். ஃபான் மறுத்துப் பேசவில்லை.

றைவரின் ஆட்டம் வேறு மாதிரி. மேசையை விட்டுப் பத்தடி தள்ளி, கிட்டத்தட்ட விறாந்தையில் நிற்பார். பந்தைக் கீழால் அறுத்து அறுத்து அனுப்புவார். நல்ல ஆட்டம். ஆனால் சேரோடு விளையாடும் நாளில் மட்டும் அவருக்கு இடுப்பில் நாரி பிடித்துவிடும். மாற்றல் கேட்கிற ஆட்களுக்கும் லீவு கேட்கிற ஆட்களுக்கும் அந்த வருத்தம் வரும்.

புள்ளி எண்ணுகிறவா கிளாக்கர் அக்கா. சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எண்ணுவா. அவா மட்டை தொட்டதில்லை. ஆனால் எல்லாருடைய ஆட்டத்துக்கும் பேர் வைத்திருந்தா. சேருடையது "கோடாலி". றைவருடையது "றிவேஸ் கியர்". என்னுடையதுக்கு, "தம்பி, உது விளையாட்டே இல்லை. நீ மேசை துடைக்கிறாய்," என்பா.

அவா சொன்னது சரி. பந்து அந்தப் பொங்கலில் விழுந்து சாகமுதல் எடுக்க வேணும். அதற்காக மேசையோடு ஒட்டி நிற்கப் பழகினேன். மட்டையைப் பலகைக்கு நாலு விரல் மேலே பிடிப்பேன். பந்து தொட்ட உடனே மட்டையில் படும். அடிப்பது இல்லை, சுழற்றுவது இல்லை. வந்ததைத் திருப்பி அனுப்புவேன். பத்தில் இரண்டு திரும்பும். அந்த இரண்டை சேர் வலையில் அடிப்பார். ஒருநாளும் என்னிடம் தோற்கவில்லை. என்ர விண்ணப்பம் அவரின் மேசையில் கிடந்ததும் ஒரு காரணம்.

விண்ணப்பம் மாற்றலுக்கு. என்ர வீடு முள்ளிவாய்க்காலில். விடிய முதல் பஸ், பரந்தனில் இறங்கி மற்ற பஸ். திரும்பவும் அப்படி. போகும்போது மகள் நித்திரை, வரும்போதும் நித்திரை. அவளுக்கு நாலு வயது. அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆள் என்று நினைத்திருந்தாள். முல்லைத்தீவுக் கந்தோரில் ஒரு இடம் காலியாக இருந்தது. சேர் "ஆளை விடலாம்" என்று எழுதி ஒப்பம் வைத்தால் சரி. இரண்டு சொல். எட்டு மாதமாக எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த வருசம் மாவட்டத்தில் கந்தோர்களுக்கிடையே போட்டி வந்தது. கந்தோருக்கு இரண்டு பேர். சேர் தன்ர பெயரை முதல் போட்டார். றைவருக்கு நாரி. இரண்டாவது பெயர் என்னுடையது.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மேசை புதுசு. ஒரு கீறல் இல்லை. மேலே ஆறு ஃபான். பந்து நெளியும் என்று ஆறையும் நிற்பாட்டி வைத்திருந்தார்கள். சேர் நடுவரிடம் கேட்டார்: "ஃபான் பக்கம் எது?"

நடுவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

முதல் சுற்றில் சேரின் எதிராளி வரவில்லை. சேர் அதை வெற்றி என்றார். எனக்கு ஒரு வாத்தியார் வந்தார். நல்ல அடிகாரன். ஆனால் இந்த மேசையில் பந்து விழுந்தால் எழும்பியது. எங்கே விழுந்தாலும் எழும்பியது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. செத்த பந்தைப் பிடித்துப் பழகிய ஆளுக்கு உயிருள்ள பந்து என்ன கஷ்டம்? இரண்டு ஆட்டத்தில் முடிந்தது.

அடுத்த சுற்றுக்குச் சீட்டு இழுத்தார்கள். சேரும் நானும்.

அக்கா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட இருந்தா. "தம்பி," என்றா மெல்ல, "கடிதம் இன்னும் மேசையில்தான் கிடக்கு. ஞாபகம் வைச்சுக்கொள்."

"ஓம் அக்கா."

தோற்பது என்று முடிவெடுத்துத்தான் நின்றேன். தோற்பது லேசு என்று நினைத்தேன்.

சேர் கோடாலியைத் தூக்கினார். என்ர இடது கைப் பக்கம், எங்கட மேசையில் பொங்கல் இருக்கிற அந்த வழமையான இடத்துக்கு அடித்தார். மூன்று வருசப் பழக்கம். கை என்னைக் கேட்கவில்லை, தானாக அங்கே போய்விட்டது. பந்தும் எழும்பி மட்டைக்கு வந்தது. திரும்பிப் போனது. சேர் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அடி திரும்பி வரும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இன்னொன்று அடித்தார். அதே இடம். திரும்பவும் வந்தது. அவருக்கு வேறு இடம் தெரியாது. பதினொன்றுக்கு நாலு. முதல் ஆட்டம் எனக்கு. நான் ஒன்றும் செய்யவில்லை. நின்றேன்.

"பக்கம் மாறுங்கோ," என்றார் நடுவர்.

"எதுக்கு?" என்றார் சேர். "நாங்கள் ரெண்டு பேரும் ஒரு கந்தோர்."

"சட்டம் சேர்."

"எங்கட கந்தோரில உந்தச் சட்டம் இல்லை."

"இது உங்கட கந்தோர் இல்லை சேர்."

மாறினோம். இரண்டாவது ஆட்டத்தில் ஒழுங்காகத் தோற்கத் தொடங்கினேன். சேர்விஸை இரண்டு தரம் வலையில் போட்டேன். வந்த பந்தை மேசைக்கு வெளியே அனுப்ப நினைத்து, பிறந்ததிலிருந்து அடிக்காத ஒரு அடி அடித்தேன். அது மூலையில் போய் விழுந்தது. புள்ளி எனக்கு. சனம் கை தட்டியது. எனக்கு வேர்த்தது.

"தம்பி, என்ன, வயித்துக் குத்தோ?" என்று அக்கா சத்தமாகக் கேட்டா. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான்.

பெரிய பாடுபட்டு அந்த ஆட்டத்தைத் தோற்றேன். பதினொன்றுக்கு ஒன்பது. இன்னும் ஒரு ஆட்டம். அதையும் இப்படியே தள்ளினால் கடிதத்தில் இரண்டு சொல் விழும், நான் வீட்டுக்குப் போகலாம்.

பக்கம் மாறும்போது சேர் துவாயால் முகத்தைத் துடைத்தார். நல்ல மனநிலையில் இருந்தார். எனக்குக் கிட்ட வந்து நின்றார்.

"பாத்தீரே? எந்தப் பக்கம் நிண்டாலும் நான் நான்தான். நீர் கிடாரம் தூக்கத்தான் சரி."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மை. மூன்று வருசமும் அவர் அடித்தது என்னை என்றே நம்பியிருந்தார். அடித்தது நான் சுட்ட பலகையில்.

மகளை நினைத்தேன். இரண்டு பஸ்ஸை நினைத்தேன். பிறகு மேசைக்குக் கிட்டப் போய், மட்டையை நாலு விரல் உயரத்தில் பிடித்தேன்.

பதினொன்றுக்கு இரண்டு. அந்த இரண்டும் மேசை விளிம்பில் பட்டவை.

சேர் கை கொடுத்தார். விரல் நுனியை மட்டும். அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மூடினா. "உன்ர மாற்றல் போச்சு," என்றா. "ஆனா மேசை வடிவாத் துடைச்சாய்."

அடுத்தது இறுதிச் சுற்று, அதில் தோற்றேன். இரண்டாவதாக வந்த ஆளும் மாகாணப் போட்டிக்குப் போகலாம் என்றார்கள்.

திங்கட்கிழமை சேர் கூப்பிட்டார். திட்டு வரும் என்று போனேன். கதிரையைக் காட்டி இரும் என்றார். அது திட்டைவிடப் பயமாக இருந்தது. விண்ணப்பம் முன்னால் கிடந்தது.

"உம்மை எப்பிடி விடுறது? மாகாணத்துக்கு எங்கட கந்தோர் பேரில போறீர். என்னையே வெண்ட ஆள். அப்பிடி ஆளை முல்லைத்தீவுக்குக் குடுக்க ஏலுமோ?"

எழுதினார். எட்டு மாதம் வராத பேனை அன்றைக்கு வந்தது. "திறமையான வீரர். விடுவிக்க முடியாது." ஒப்பமும் வைத்தார். என்னைப் பற்றி எழுத்தில் வந்த முதல் நல்ல வார்த்தை அது.

தோற்றிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன். வென்றதால் வீரர் ஆனேன். வீரர் விடிய முதல் பஸ் எடுத்தார், பரந்தனில் இறங்கி மற்ற பஸ்ஸில் ஏறினார். மத்தியானத்தில் அவருக்குச் சேரே பயிற்சி கொடுத்தார். ஃபான் பக்கம் நின்று.

மாகாணப் போட்டி வவுனியாவில். முதல் சுற்றில் தோற்று வந்துவிட வேணும் என்றுதான் போனேன். திறமை இல்லை என்று தெரிந்தால் சேர் விடுவார். இந்த முறை கையைக் கட்டி வைத்தாவது தோற்பது.

எதிராளி நெளுக்குளத்தால் சைக்கிளில் வந்தவர். ஐம்பது வயது இருக்கும். வயிறு முன்னுக்கு. மூக்குக் கண்ணாடி நூலால் கட்டியது. சேட்டுப் பையில் பஸ் ரிக்கற் மாதிரி ஏதோ கடதாசி. இவரிடம் தோற்கிறது எப்படி என்று யோசித்தேன்.

யோசிக்கத் தேவை வரவில்லை. சேர்விஸ் போட்டார். கோப்பை கழுவித் தண்ணியை உதறுகிற மாதிரி மணிக்கட்டை ஒரு உதறு. பந்து மெதுவாக வந்தது. மட்டையை வைத்தேன். வலைக்குள் போனது. அடுத்ததும் அதே உதறு. மட்டையை மேலே பார்க்க வைத்தேன். பந்து கூரைக்குப் போனது. மூன்றாவது பந்து என்ர மட்டையில் பட்டு நடுவரின் மடியில் விழுந்தது.

அவர் ஓடவில்லை. வேர்க்கவில்லை. பலமாக ஒருக்காலும் அடிக்கவில்லை. நான் திருப்பி அனுப்புகிற ஆள். திருப்பி அனுப்ப ஏலாத பந்தைத் தேடித் தேடி எடுத்து வைத்தார், மரக்கறிக் கடையில் நல்லதைப் பொறுக்குகிற மாதிரி. தோற்க வந்தேன் என்பது எனக்கு மறந்துவிட்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் செத்தேன். ஒரு பந்து மட்டும் இருபது தரமாவது போய் வந்தது. உதறினார், அறுத்தார், மூலைக்கு வைத்தார். எல்லாம் எடுத்தேன். கடைசியில் அவரின் பந்து விளிம்பைத் தாண்டிப் போனது. அந்த ஒரு புள்ளிக்கு நான் சத்தம் போட்டேன். வாழ்க்கையில் மண்டபத்துக்குள் சத்தம் போட்டது அன்றைக்குத்தான்.

பதினொன்றுக்கு மூன்று. பதினொன்றுக்கு மூன்று.

கை கொடுத்தார். முழுக் கையும். "தம்பி, மேசையோட ஒட்டி நிக்கிறீர். அப்பிடி நிண்டு எடுக்கிறது கஷ்டம். ஆரிட்டப் பழகினீர்?"

"சோத்துக் கிடாரத்திட்ட," என்றேன்.

சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தார். "நல்லாப் பழக்கியிருக்கு," என்றார். கண்ணாடி நூலை இறுக்கிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போனார்.

கந்தோருக்குத் திரும்பினேன். சேர் புள்ளியைக் கேட்டார். சொன்னேன்.

"மூண்டோ?"

"ஓம் சேர். ரெண்டு தரமும்."

"எங்கட கந்தோர் மானம் போச்சு." பழைய விண்ணப்பத்தை எடுத்து, திறமையான வீரர் என்பதை இரண்டு கோடு போட்டு வெட்டினார். கீழே எழுதினார்: "ஆளை விடலாம்." மானம் போன இடத்தில் மனம் இரங்கிவிட்டது.

வெளியில் அக்கா கடிதத்தை வாங்கி வாசித்தா. "வெண்டு கிடைக்காதது தோத்துக் கிடைச்சிருக்கு," என்றா. "இவ்வளவு லேசா இருந்தா முதலே தோத்திருக்கலாமே."

"முதல்லயும் தோக்கத்தான் போனனான் அக்கா."

"ஓம், பாத்தனான். மூண்டாம் ஆட்டத்தில."

இப்போது முல்லைத்தீவில் இருக்கிறேன். ஐந்து மணிக்குள் வீடு. முதல் நாள் செவ்வாய்க்கிழமை. மகள் முற்றத்தில் நின்று பார்த்தாள். "அம்மா, இண்டைக்கு ஞாயிறோ?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

அதே நிறுவனம் இந்தக் கந்தோருக்கும் ஒரு மேசை தந்திருந்தது. இவர்களும் சந்தோசமாக இருக்க வேணுமாம். இங்கேயும் ஒரு ஃபான்தான். இங்கேயும் ஒரு சேர், அதற்குக் கீழே. வந்த கிழமையே எனக்கு மற்றப் பக்கத்தைக் காட்டினார்கள்.

போன மாதம் ஒரு கிளாக்கர் மாற்றலாகிப் போனார். கந்தோரில் சாப்பாடு. கிடாரத்தின் ஒரு காதை நான் பிடித்தேன். மேசைக்குக் கிட்ட வந்ததும் மற்றக் காதைப் பிடித்தவர் நின்றார்.

"அண்ணை, பொறுங்கோ. சாக்கு ஒண்டு எடுத்து வாறன்."

"தேவையில்லை," என்றேன். "கை சுடுது. உதில, ஃபானுக்குக் கீழ வையும்."