காய்ச்சலுக்கு வேர் தேடியவர்

பாரிஸில், நம் கடைகள் நிறைந்த லா சப்பலில், பிரெஞ்சு வராதவர்களுக்கு டொக்டரிடமும் மருந்துக்கடையிலும் மொழிபெயர்க்க ஒரு ஐயா கூட வருவார். காசு வாங்கமாட்டார், கேட்க ஆள் இருந்தால் போதும். கோடையிலும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். அதை அவர் இறுக்கினால், யாராவது ஒரு சொல்லின் பூர்வீகத்தை நின்று கேட்டே ஆகவேண்டும் என்று அர்த்தம்.

அன்று மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்றார். பக்கத்தில், ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவும் வன்னி அண்ணை ஒருவர் ஜாக்கெட்டுக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். ஐயா பட்டியை இறுக்கினார்.

“இந்த நடுக்கக் காய்ச்சலுக்குப் அந்தக் கால ஆங்கிலத்தில் ‘ஏக்யூ’ என்று பெயர், மதாம்,” என்று பிரெஞ்சில் தொடங்கினார். “சொல் உங்களுடையதுதான்! லத்தீனிலிருந்து உங்களிடம் வந்தது. நீங்கள் ‘கூர்மையான காய்ச்சல்’ என்றீர்கள். ஆங்கிலேயன் காய்ச்சலை விட்டுவிட்டுக் கூர்மையை மட்டும் கொண்டுபோனான்.”

கடைக்காரப் பெண்ணுக்கு ஒரே குஷி. இருவரும் லத்தீனுக்குள் இறங்கிவிட்டார்கள்.

“ஐயா, எனக்குக் கண் இருட்டுது,” என்றார் அண்ணை.

நான் பாய்ந்துபோய்க் காய்ச்சலை அளக்கச் சொன்னேன். அளந்தவளின் முகம் மாறியது. ஆம்புலன்ஸ் வந்தது. மொழிபெயர்க்க ஒருவர் ஏறலாம் என்றார்கள். இங்கேயே படித்தவன் நான், என் பிரெஞ்சு சுத்தம். ஏறப்போனேன்.

“வேண்டாம் தம்பி, ஐயா வரட்டும்,” என்றார் அண்ணை. “அவர் கதைச்சுக்கொண்டிருந்தா எனக்குப் பயம் தெரியாது. நீங்கள் போனைப் பாத்துக்கொண்டெல்லோ இருப்பியள்.”

அந்தப் பேச்சில் என்ன ஆறுதலோ, இன்றும் எனக்கு விளங்கவில்லை. கதவு சாத்தப்படும்போது, ‘ஆம்புலன்ஸ்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று ஐயா தொடங்கியிருந்தார்.