மலை ஏறிய கரிசல் மண்

1. பதினெட்டு

எர்த்தை அளக்கிற மெகரில் பதினெட்டு ஓம் காட்டியது. தட்டிப் பார்த்தேன். ஒயரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தேன். அதே பதினெட்டு. வேண்டியது ரெண்டுக்குள்.

நாற்பது வருடமாக எர்த் குழி போடுகிறவன் நான். ஆறாம் வகுப்பை முடிக்கவில்லை. ஆனாலும் அருப்புக்கோட்டையில் பவர்லூம் ஷெட்டு, நூல் மில்லு, ஆஸ்பத்திரி, செல்போன் டவர் என்று எங்கே குழி வேண்டுமானாலும் என்ஜினியர்கள்தான் என் வீட்டைத் தேடி வந்திருக்கிறார்கள். நான் அவர்கள் ஆபீசுக்குப் போய் நின்றதில்லை. கரண்டு கசிந்தால் அது மனிதன் மேல் ஏறாமல் பூமிக்குள் போவதற்கு ஒரு வழி வெட்டி வைக்க வேண்டும். அதுதான் எர்த். வழி எவ்வளவு தாராளம் என்பதை ஓம் கணக்கில் அளப்பார்கள். எண் குறையக் குறைய நல்லது. மற்றவர்கள் ஐந்துக்கும் மூன்றுக்கும் திண்டாடிக்கொண்டிருந்த காலத்தில் நான் அரை ஓம் வாங்கிக் கொடுத்தவன். குமாரலிங்கபுரம் பக்கம் ஒரு மில்லில் நான் போட்ட குழியைப் பார்க்கப் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஆள் வந்தது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். செய்தவன் சொல்லாமல் யார் சொல்வது?

அப்படிப்பட்டவன் கொடைக்கானல் மலையில் ஒரு ஹோட்டல் முற்றத்தில், பதினெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஹோட்டல்காரர் சௌந்தரபாண்டி எங்கள் ஊர்க்காரர். எலக்ட்ரிக் காரில் மலை ஏறி வருகிறவர்கள் ரூம் ஜன்னல் வழியாக ஒயரை வெளியே விட்டு, சாதாரண பிளக்கில் மாட்டி, ஒரு நாள் பூராவும் சார்ஜுக்குக் காத்துக் கிடக்கிறார்கள் என்று, ரெண்டு ஃபாஸ்ட் சார்ஜர் வைக்க ஏற்பாடு செய்தார். மெஷின் கம்பெனியுடையது. அவர்களே எர்த்துக்கும் ஆள் வைத்திருந்தார்கள். சௌந்தரபாண்டிதான் "எர்த்துக்கு எங்க ஊர் ஆளு வந்தாத்தான் ஆச்சு" என்று ஒற்றைக் காலில் நின்று என்னைக் கூப்பிட்டார். நானும் கம்பெனி ஆட்கள் எல்லோரும் நிற்கும்போதே சொன்னேன்.

"ஒரு ஓம்ல வச்சுக் குடுக்கேன். இல்லாட்டி மெகரை இந்தப் பள்ளத்துல வீசிட்டு பஸ் ஏறிருவேன்."

இப்போது கம்பெனியின் டெஸ்டிங் என்ஜினியர் மேகலா, கோயம்புத்தூர்ப் பெண், மெகரை எட்டிப் பார்த்தார். கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இன்னைக்குத் திங்கக்கிழமைங்க. வெள்ளிக்கிழமை மறுபடி அளப்பேன். ரெண்டுக்குள்ள வரலைன்னா மெஷினை அடிவாரத்து ஹோட்டலுக்கு மாத்திருவாங்க. ஞாயித்துக்கிழமை திறப்பு அங்கதான் நடக்கும்ங்க."

சௌந்தரபாண்டி என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, ஒங்களை நம்பித்தான் அவுககிட்ட மீசையை முறுக்கிட்டு நின்னேன்."

அவருக்கு மீசை கிடையாது. அது வேறு விஷயம்.

2. ஈரத்தைப் பார்த்து ஏமாந்தது

தப்பு எங்கே நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். மறைத்தால் இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்குப் பிரயோஜனம் இல்லை.

எங்கள் பக்கம் எர்த் குழி என்றால் பாதி வேலை தண்ணீர் ஊற்றுவதுதான். சித்திரை, வைகாசியில் பூமி வாயைப் பிளந்துவிடும். வாட்ச்மேனிடம் சொல்லித் தினமும் ரெண்டு குடம் ஊற்றவைக்க வேண்டும். ஊற்றாத குழி செத்த குழி. இதிலேயே ஊறிய மூன்று பேர் மலைக்குப் போயிருந்தோம். நான், என்னோடு முப்பது வருடமாகக் குழி வெட்டுகிற திருச்சுழி முத்துராக்கு, அவன் சம்சாரம் பஞ்சவர்ணம்.

போய் இறங்கினால் இலையெல்லாம் சொட்டுகிறது. சுவர் வியர்க்கிறது. சும்மா விட்ட பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிறது. முத்துராக்கு கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"ஏலே, இங்க குழிக்குத் தண்ணி ஊத்துற சோலியே இல்லலே! சாமியே ஊத்துது!"

எட்டுக் குழிக்குத் திட்டம் போட்டுப் போனவன், இவ்வளவு ஈரத்துக்கு நாலு போதும் என்று முடித்துவிட்டேன். கம்பியை இறக்கி, கொண்டுபோன கெமிக்கல் பவுடரைப் போட்டு மூடினோம். மிச்ச நேரம் மூன்று பேரும் அருவி பார்க்கப் போய்விட்டோம். மண்ணை முதலில் அளக்கவே இல்லை.

"மழைத் தண்ணி சுத்தத் தண்ணிங்க" என்றார் மேகலா. "சுத்தத் தண்ணி கரண்டைச் சரியாக் கடத்தாது. மண்ணுல இருக்கிற உப்பையும் வருசம் பூரா கழுவிட்டுப் போயிருது. மூணடிக்குக் கீழ எல்லாம் பாறை. கரண்டு எங்கங்க போகும்?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "அப்ப எங்க ஊர்ல நான் அரை ஓம் வாங்குனது எப்படிம்மா?"

"உங்க ஊர் என்ன மண்ணுங்க?"

"கரிசல்."

"அப்போ அரை ஓம் வாங்குனது உங்க கரிசலுங்க. அதுல கரண்டு தானா இறங்கும்."

முத்துராக்கு விழுந்து விழுந்து சிரித்தான். "நாப்பது வருசமா மண்ணு பாத்த வேலைக்கு மாலையை இவன் வாங்கிப் போட்டுக்கிட்டாம்மா! மெகரை எப்பலே வீசப்போற? பள்ளம் அந்தா இருக்கு."

நான் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சம்பவம் என்று தெரியும்.

3. காலைப் பிடிக்காத மண்

மேகலா தாளில் படம் போட்டார். ஹோட்டலுக்குக் கீழே சரிவு முடிகிற இடத்தில் ஒரு சதுப்பு. அங்கே பாறை ஆழத்தில் இருக்கிறது. சார்ஜரிலிருந்து அதுவரை நீளமாக ஒரு பள்ளம் தோண்டி, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புப் பட்டையைப் படுக்கவைத்துக் கொண்டுபோய், சதுப்பைச் சுற்றி வளைத்துவிட்டால் எண் இறங்கும் என்றார். நல்ல யோசனை. நானே சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்திருந்தால்.

திங்கட்கிழமை மத்தியானமே ஆரம்பித்தோம். மலையில் நாலு உள்ளூர் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலையில் பட்டை சதுப்பைத் தொட்டுச் சுற்றியும் வளைத்துவிட்டது. அளந்தோம். ஆறு ஓம்.

பதினெட்டு ஆறாகிவிட்டது. ஆனால் ஆறும் ரெண்டும் ஒன்றா? பள்ளம் முழுக்கக் கல்லும் பரலும். பட்டையை மண் கவ்வவில்லை. அவ்வளவு நீளத்துக்கும் கெமிக்கல் பவுடர் வேண்டுமென்றால், மூட்டைகள் வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்று சப்ளையர் போனில் சொல்லிவிட்டான்.

வரப்பில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் தன்பாட்டுக்குச் சொன்னது:

"என்ன மண்ணுண்ணே இது! ரெண்டு நாளா சகதிக்குள்ள நிக்கேன், காலைக் கழுவுனா ஒரு செம்புத் தண்ணியில போயிருது. நம்ம காட்டுல மழை பேஞ்சா மண்ணு காலைப் புடிச்சா விடுமா? செருப்பைப் புடுங்கி வச்சுக்கிட்டுல்ல அனுப்பும். இது காலையும் புடிக்க மாட்டேங்குது, கம்பியையும் புடிக்க மாட்டேங்குது."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"மேகலாம்மா, அந்தப் பவுடரு என்னதும்மா?"

"அதுவும் ஒரு களிமண்ணுதாங்க. ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், ஊறினா உப்பிப் பெருத்துரும். உங்க கரிசலுக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கங்க."

"தம்பி வரப் பத்து நாளாகும்னா அண்ணனைக் கூட்டியாந்துருவோம்" என்றேன்.

யோசனை என்னுடையது என்று ஊரில் ஒரு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முக்கால்வாசி பஞ்சவர்ணத்துடையது. இங்கே எழுதிவிட்டேன், முத்துராக்கு தன் சம்சாரத்துக்குப் படித்துக் காட்டட்டும்.

4. செக்போஸ்ட்

மலையிலிருந்து காரட் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை மார்க்கெட்டுக்கு இறங்குகிற லாரி, திரும்பும்போது காலியாகத்தான் வரும். செவ்வாய்க்கிழமை அந்த லாரியில் டிரைவர் செல்வத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இறங்கினேன். திருச்சுழிக்குப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு இருக்கிறது. போன வருடம் பண்ணைக்குட்டை வெட்டிய மண் அங்கே மேடாகக் கிடந்தது. போகும்போதே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு வெள்ளன ஜேசிபிக்குச் சொல்லி வையி. குட்டை மண்ணை லாரியில ஏத்தணும்."

"எங்க கொண்டு போறீக?" என்றாள் என் சம்சாரம்.

"மலைக்கு."

"பக்கத்துல முத்துராக்கு அண்ணன் இருந்தா போனைக் குடுங்க" என்றாள்.

புதன்கிழமை காலையில் லோடு ஏற்றிக் கிளம்பினோம். மலைக்கு ஏறுகிற செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினார்கள். ஃபாரஸ்ட் கார்டு தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன லோடு?"

"மண்ணுங்க" என்றேன்.

"மண்ணுக்குக் கீழ என்ன?"

"மண்ணுதாங்க."

கம்பியால் நாலு இடத்தில் குத்திப் பார்த்தார். கம்பியை வெளியே இழுக்க முடியாமல் ரெண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். கரிசல் அல்லவா.

"மலையில இருந்து மண்ணு கடத்துறவனைப் புடிச்சிருக்கேன். மலைக்கு மண்ணு கடத்துறவனை நோட்டுல என்னன்னுய்யா எழுதுறது?"

செல்வம் தலையை வெளியே நீட்டினான். "சார், மலைக்குக் கரண்டு இறங்க மாட்டேங்குதாம். இவுக வைத்தியத்துக்குப் போறாக. பின்னாடி இருக்கிறது மருந்து."

என் காட்டுப் பட்டா நகலைக் காட்டினேன். சௌந்தரபாண்டியிடம் போனில் பேசவைத்தேன். கார்டு கேட்டைத் திறந்துவிட்டுச் சொன்னார்: "வேலை முடிஞ்சதும் சொல்லிட்டுப் போங்கய்யா. எனக்கு இதோட முடிவு தெரியணும்."

5. மிதி

கரிசலை அப்படியே பள்ளத்தில் கொட்டினால் வேலைக்கு ஆகாது. தண்ணீர் விட்டு, கட்டி உடைத்து, பிசின் மாதிரி ஆகிறவரைக்கும் மிதிக்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் முற்றத்தில் மண்ணைக் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, நாங்கள் மூன்று பேரும் உள்ளூர் ஆட்களும் இறங்கினோம். மலைத் தண்ணீர் பனிக்கட்டி. முத்துராக்கு ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அவற்றை இங்கே எழுத முடியாது.

ஹோட்டலில் தங்கியிருந்தவர்கள் பால்கனியில் வந்து நின்றார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்து அம்மா கீழே இறங்கி வந்து மேகலாவிடம், இது மசாஜ் மண்ணா, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று விசாரித்தார். மேகலா விஷயத்தைச் சொன்னார். அவர்கள் வந்ததும் எலக்ட்ரிக் காரில்தான். முந்தின நாள் முழுக்கச் சார்ஜுக்காக ரூமிலேயே உட்கார்ந்திருந்தவர்கள். அந்த அம்மா பேண்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார். பின்னாலேயே வீட்டுக்காரரும் வந்தார். அரை மணி நேரத்தில் முற்றத்தில் இருபது பேர். சௌந்தரபாண்டியும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். மேகலா ஓரமாக நின்று பார்த்துவிட்டு ஷூவைக் கழற்றினார்.

பஞ்சவர்ணம்தான் மேஸ்திரி. "இந்தாங்க, பெங்களூர்க்காரரே, நடக்காதீக, மிதிங்க! நடக்கிறதுக்கு ரோடு இருக்குல்ல!"

அந்த வீட்டுக்காரர் காலைத் தூக்கினார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. பஞ்சவர்ணம் கையைத் தட்டிச் சிரித்தது. "இப்பப் புடிக்குதுண்ணே! இப்பத்தான் மண்ணு!"

சாயங்காலத்துக்குள் சட்டி சட்டியாகச் சுமந்து, பட்டைக்கு மேலும் கீழும் பக்கமும் கரிசலை அப்பி, பள்ளத்தை மூடினோம்.

6. வெள்ளியும் ஞாயிறும்

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேகலா மெகரை மாட்டினார். சௌந்தரபாண்டி அந்தப் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மேகலாவின் முகத்தைத்தான் பார்த்தேன். அந்தப் பெண் முகத்தில் ஒன்றையும் காட்டாது. ஒருமுறை அளந்தது. மெகர் கம்பியை இடம் மாற்றி அடித்து மறுபடி அளந்தது. மூன்றாவது முறையும் அளந்தது.

"ஒண்ணு புள்ளி ஆறுங்க. மூணு தடவையும்."

சௌந்தரபாண்டி திரும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். முத்துராக்கு மட்டும், "ஒரு ஓம்னுல்ல சொன்ன? புள்ளி ஆறு கூட இருக்கே" என்றான். அவன் வாயை அடைக்க எந்த மண்ணும் போதாது.

ஞாயிற்றுக்கிழமை மலையிலேயே திறப்பு நடந்தது. வாழைமரம் கட்டி, ரெண்டு மெஷினுக்கும் சந்தனம் வைத்தார்கள். முதல் வண்டி மதுரை டாக்ஸி. டிரைவர் பாஸ்கர் பதினோரு சதவீதத்தோடு ஏறி வந்திருந்தார். துப்பாக்கி மாதிரி இருக்கிற அந்தக் கன்னை வண்டியில் மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மெஷினின் இரும்பு உடம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். நான் எர்த் போட்ட மெஷினை முதலில் தொடுகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

பாஸ்கர் பொங்கலும் வடையும் சாப்பிட்டு, இன்னொரு வடையும் சாப்பிட்டு, காபி குடித்துவிட்டு வந்து பார்த்தார். எண்பது. "அதுக்குள்ளயா?" என்று வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுக் கிளம்பினார்.

பந்தி இன்னும் முடியவில்லை, அடிவாரத்திலிருந்து அவர் போன் செய்தார். சௌந்தரபாண்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், எண்பதுல கெளம்புனேன். கீழ வந்து பாக்கேன், எண்பத்தி மூணு நிக்குது! என்ன சார் கரண்டு குடுத்தீங்க, வழியில குட்டி போடுது?"

இறக்கத்தில் உருளும்போது மோட்டாரே டைனமோவாகி பேட்டரியை ஏற்றும் என்று மேகலா விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நான் போனை வாங்கிவிட்டேன்.

"அது எங்க கரிசல் தம்பி. அப்படித்தான் இருக்கும்."

மேகலா இலையில் கையை வைத்தபடியே சிரித்தார். மறுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஏழெட்டு மலை ஹோட்டல்களுக்குப் போய் வந்துவிட்டேன். எங்கே கூப்பிட்டாலும் முதல் நாள் குழி வெட்டுவதில்லை. நாலு கம்பியை அடித்து மண்ணை அளக்கிறேன். ரெண்டு இடம் தள்ளி இன்னொருமுறை அளக்கிறேன். முதலாளி பக்கத்தில் நின்று, "என்ன அண்ணாச்சி, பேசவே மாட்டேங்கிறீக?" என்று கேட்பார். எண்ணை எழுதி முடிக்கிறவரைக்கும் பதில் சொல்ல மாட்டேன். எழுதி முடித்த பிறகு என் பேச்சை நிறுத்த ஆள் கிடையாது. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள், பிள்ளைகளா.