பால்கடைக்காரர் வீட்டு சோயா டின்

என் மாமனாருக்கு நான் இன்றுவரை ஒரு டம்ளர் தண்ணீர்கூட முகம் பார்த்துக் கொடுப்பதில்லை. இனியும் கொடுக்க மாட்டேன்.

சங்கரன்கோவிலில் அவருக்குப் பால்கடை. விடிந்ததும் மேலநீலிதநல்லூர்ப் பக்கமிருந்து கேன்கள் வந்து இறங்கும். அந்த வீட்டில் பிறந்த என் மகனுக்குப் பால் சேரவில்லை. தாய்ப்பால் போதாது என்று புட்டியில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்ததும் கன்னமெல்லாம் தடிப்பு, மலத்தில் ரத்தக் கோடு. டாக்டரிடம் போகலாம் என்றேன்.

“நம்ம வீட்டுப் பிள்ளைக்கே பால் சேரலன்னு வெளிய தெரிஞ்சா, நம்மகிட்ட எவன் வாங்குவான்?” என்றார் மாமனார். மருந்துக்கடை வைத்திருக்கும் சிநேகிதரிடம் காதோடு காதாகக் கேட்டு ஒரு டின் சோயா பவுடர் வாங்கி வந்தார்.

“இதுல பாலே கிடையாதும்மா. ஒண்ணும் செய்யாது, குடு.”

கணவர் கேன் கழுவப் போய்விட்டார். அதைக் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. தொடைச் சதை வற்றி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான் பிள்ளை. அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை. அவனையும் டின்னையும் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி பஸ் ஏறினேன்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆறு மாசம் ஆகாத பிள்ளைக்கு டாக்டரக் கேக்காம இதக் குடுக்கலாமா? பால் சேராத பிள்ளைங்க பல பேருக்கு சோயாவும் சேராது.” பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்து, பால் சேராத பிள்ளைகளுக்கென்றே உள்ள வேறு மருத்துவப் பவுடர் கொடுத்தார். என்னையும் பாலும் தயிரும் தொடாமல் தாய்ப்பால் கொடுக்கச் சொன்னார். பால்கடைக்காரர் மருமகளான நான் கடுங்காப்பிக்கு மாறினேன்.

பிள்ளை தேறி ஊர் திரும்பிய மறுநாள் காலை, கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில், அவனைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அந்த டின்னைப் பால் அளக்கும் மேடையில் டொக்கென்று வைத்தேன்.

“எம் மகனுக்குப் பால் சேராது. அது ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு மாமா இதக் குடுக்கச் சொன்னாவ. பிள்ளை சாகக் கெடந்து வந்திருக்கான்.”

மாமனார் முகம் கறுத்தது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அவர் வியாபாரம் படுக்க வேண்டும் என்றுதான் வந்தேன். ஆனால் ஒருவரும் நகரவில்லை. யாருக்கும் ஆச்சரியம்கூட இல்லை.

பின்னாலிருந்து ஒரு பெண் பதறிக்கொண்டு முன்னால் வந்தாள். “எக்கா, எங்க கைப்பிள்ளைக்கும் இதத்தான குடுக்கோம்! பால்கடை அண்ணாச்சி வீட்டுப் பிள்ளைக்கே இதுதான், நல்லா தேறிட்டான்னு மருந்துக்கடையில சொன்னாவளே!”

“இன்னைக்கே நிறுத்திட்டு டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போ” என்றேன்.

மருந்துக்கடை வழியாக ஊருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் தினமும் பால் வாங்கியிருக்கிறார்கள். ஒன்றுமில்லாத ஒரு பயத்துக்கு என் பிள்ளையைக் காவு கொடுக்கப் பார்த்திருக்கிறார் இந்த மனிதர்.

மாமனார் பால் அளக்கும் குவளையைக் கீழே வைத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பேரனைத் தூக்க இரண்டு கைகளையும் நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை.