அக்காவின் கடைசி வசனம்

போனை எடுத்ததும் "கேளுக்கா" என்பார், டிவி தொடர் எழுதும் தம்பி. உடம்பு எப்படி, சாப்பிட்டாயா என்பதெல்லாம் கிடையாது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி அன்று எழுதிய வசனத்தைப் படிப்பார். அக்கா பாதியில் வெட்டுவாள்: "எவடா இப்படிப் பேசுவா? கோபம் வந்தா எனக்குப் பேச்சே வராது." நாலு வரி போய் ஒரு வரியாகும்.

இருபது வருடத்தில் மூன்று நெடுந்தொடர்கள். படப்பிடிப்பில் அவருக்கு வைத்த பெயர் 'தொடரும்'. தலை வழுக்கையாகி, சர்க்கரை ஏறி, எதிர்வீட்டுக்காரர் யாரென்றே தெரியாமல், வாரத்துக்கு ஆறு நாள் ஊரார் குடும்பத்தைப் பிரித்துச் சேர்ப்பதே பிழைப்பு. நடிகை யாராவது முரண்டு பிடித்தால் அவள் பாத்திரத்தைக் கோமாவில் படுக்க வைத்துவிடுவார். கை கூசியதே இல்லை.

இப்போதைய தொடரின் நாயகி, தம்பியை வளர்த்து ஆளாக்கிய மூத்தவள். அவள் வாயில் வருவது அத்தனையும் சொந்த அக்காவின் பேச்சு. 'கதை, உருவாக்கம்' என்று போடும் இடத்தில் இவர் பெயர் மட்டும்தான் வரும். அதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நாயகியாக நடித்தவள் திடீரென்று விலகிக்கொண்டாள். "அந்த கேரக்டரை வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடுங்க சார்" என்றது சேனல். சாவுக் காட்சிக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினார். போனில் படிக்க மட்டும் வாய் வரவில்லை. அக்காவே மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தாள். குரல் நாளுக்கு நாள் தேய்வது தெரிந்தும், "அடுத்த வாரம் வர்றேன்க்கா" என்றே ஓட்டியிருந்தார். இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும் வீடு. ஆனால் அவள் கேட்டுச் சரி சொல்லாத காட்சி எதையும் அவர் இதுவரை அனுப்பியதில்லை. வெட்கத்தை விட்டுக் கிளம்பினார்.

அக்கா பாதி ஆளாகியிருந்தாள். அவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிவிடத்தான் நினைத்தார்.

"என்னைக் கொல்லப்போறியாமே? விளம்பரத்துல போட்டுட்டான். குடு, பாப்போம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "சாகப்போறவ இவ்வளவு பேசுவாளாடா? மூச்சுக்கு எங்க போவா?"

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். மன்னிப்பு, புத்திமதி, ஆசீர்வாதம் எல்லாவற்றின் மேலும் கோடு போட்டாள். அடியில், நடுங்கிய எழுத்தில், 'தம்பி வந்துட்டானா?' என்று மட்டும் எழுதி, முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை அவரிடம் நீட்டினாள்.